இருநூற்று ஏழாவது பதிவு

ஆகஸ்ட் 5, திங்கள்

இன்றிலிருந்து முறைப்படி வேலை. காலையில் எங்கள் ஊர் வண்ணார்பேட்டையில் ஒரு தெர்மாகோல் அட்டையும் ஆறு கட்டு ஒட்டும் மஞ்சள் சீட்டும் வாங்கி வந்தேன். அட்டையை மூன்று பத்தியாகப் பிரித்து, ‘செய்ய வேண்டியது’, ‘நடந்துகொண்டிருப்பது’, ‘முடிந்தது’ என்று எழுதிச் சுவரில் மாட்டியாயிற்று. ஒரு வேலைக்கு ஒரு சீட்டு; வேலை நடக்க நடக்க அது அடுத்த பத்திக்கு நகரும். கைப்பேசி ஆட்டங்களுக்கான கண்காட்சி அக்டோபர் 26, சென்னையில். பன்னிரண்டு வாரம் இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு சுற்று என்றால் ஆறு சுற்று. ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் ஆட்டம் விளையாடும் நிலையில் இருக்க வேண்டும், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை. அதை யாரிடமாவது கொடுத்து விளையாடச் சொல்லி, அவர்கள் முகத்தைப் பார்த்து அடுத்த சுற்றைத் திட்டமிடுவோம். மென்பொருள் துறையில் அஜைல் என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நாங்கள் மூன்று பேர். நிரல் எழுதுவது பியூலா. படம் வரைவது மேலப்பாளையம் தௌபீக். கட்டங்களை வடிவமைப்பதும் இவர்கள் இருவரையும் ஓட்டிச் செல்வதும் நான். ஆட்டத்தின் பெயர் ‘நடைமேடை’. பேருந்து நிலையத்துக்குள் பஸ்கள் வந்துகொண்டே இருக்கும். எதை எந்த நடைமேடையில் நிறுத்துவது என்று விரலால் இழுத்து விட வேண்டும். தாமதமானால் பயணிகளின் முகம் சிவக்கும்.

ஆட்டம் ஜெபராஜ் யோசித்தது. கல்லூரி விடுதியில் அவனும் நானும் ஒரே அறை. பியூலாவின் கணவன். அவன் போய் ஆறு மாதம் ஆகிறது. பிப்ரவரியைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. இது வேலைக்கான நோட்டு.

ஆட்டத்தில் அறிவிப்பாளராக வருவது அவன் குரல்தான். மொத்தம் 211 பதிவுகள். “தூத்துக்குடி பஸ்ஸுக்கு நிற்கும் மஞ்சள் சட்டைக்காரர் கவனத்துக்கு! உங்கள் மாமியார் ஐந்தாவது நடைமேடையில் இறங்கிவிட்டார்.” இப்படி எல்லாமே வம்பு.

விதி ஒன்றுதான். சரியாக ஆறு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போக வேண்டும்.

“ஆறரைக்குப் போனா என்னண்ணே?” என்று தௌபீக் கேட்டான்.

“எல்லாப் புத்தகத்திலயும் அப்படித்தான் போட்டிருக்கு” என்றேன்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

மூன்று சீட்டு ‘முடிந்தது’ பத்திக்குப் போயிற்று. திருப்தி.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தினமும் ஒன்பதரைக்கு அட்டை முன்னால் நின்றபடி கூட்டம். உட்கார்ந்தால் பேச்சு வளரும் என்பதால் நிற்பது. ஆளுக்கு மூன்று கேள்வி: நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்யப் போகிறாய், ஏதாவது தடை இருக்கிறதா? தௌபீக் ஐந்து நிமிடம் பேசுகிறான். பியூலா அரை நிமிடம்கூட எடுத்துக்கொள்வதில்லை. “தடை ஒன்னுமில்லண்ணே” என்று முடித்துக்கொள்கிறாள்.

ஒலி தொடர்பான சீட்டுகள் மட்டும் நகரவே இல்லை. அறிவிப்பு வரும் நேரமும் பஸ் நுழையும் நேரமும் பொருந்த வேண்டும். அவளுக்கு அது ஒரு நாள் வேலை. ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியிருக்கிறாளே தவிர, காதில் வைத்து நான் பார்க்கவில்லை. காதுவலியோ என்னவோ.

ஆகஸ்ட் 16, வெள்ளி

முதல் சுற்று முடிந்தது. கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் செண்பகம் அக்காவிடம் போனைக் கொடுத்தோம். அக்கா மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் பஸ் வந்தது. ஜெபராஜ் அறிவித்தான். அறிவிப்பு முடியும்வரை பஸ்ஸைத் தொட முடியாது, அப்படித்தான் அவன் வடிவமைத்திருந்தான். அக்கா திரையை நாலு தடவை தட்டினார்.

“என்ன தம்பி, இது பேசிக்கிட்டே கெடக்கு. நான் எப்ப வெளாட?”

“முழுசாக் கேட்டா சிரிப்பா இருக்கும்க்கா.”

“மொத தடவ சிரிச்சேம்லா. திரும்பத் திரும்ப எப்படிச் சிரிக்க?”

வயது ஐம்பத்திரண்டு. நம் ஆட்டத்தை விளையாடப் போகிறவர்கள் இவர் வயதுக்காரர்கள் இல்லை என்று குறித்துக்கொண்டேன்.

ஆகஸ்ட் 22, வியாழன்

மின்தடை, பதினொன்று முதல் மூன்று வரை. வாஷிங் மெஷின்காரர் இன்றும் வரவில்லை. ஊருக்குள் சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வர முக்கால் மணி நேரம் ஆகிறது. பைபாஸில் வந்தால் பதினைந்து நிமிடம் என்று தௌபீக் சொல்கிறான். அங்கே தூசி அதிகம்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

இரண்டாம் சுற்று. கல்லூரி மாணவர்கள் பத்துப் பேரை வரவழைத்தோம். நான் மூலையில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார்த்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்பதும் முறையில் உண்டு. ஏழு பேர் ஒலியை அடைத்துவிட்டே விளையாடினார்கள். ஒரு பெண் அறிவிப்பு வரும்போதெல்லாம் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஆனால் பஸ்களை இழுத்து விடும்போது எல்லோரும் முன்னால் குனிந்தார்கள். அது உண்மைதான், மறுக்கவில்லை.

அவர்கள் போனதும் தௌபீக் சொன்னான்: “அண்ணே, தப்பா நெனைக்காதீங்க. அறிவிப்ப எடுத்துட்டா ஆட்டம் பறக்கும்.”

நான் பியூலாவைப் பார்த்தேன். அவள் முன்னால் இவனுக்கு இப்படிப் பேச எப்படி வாய் வந்தது?

“அந்தக் குரல்தான் இந்த ஆட்டத்துக்கு உயிரு. அதத் தொடக் கூடாது” என்றேன். “நீ என்னம்மா சொல்லுத?”

“உங்க இஷ்டம்ண்ணே” என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 5, வியாழன்

டீ குடித்துவிட்டு எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் திரும்பினேன். பியூலாவின் கணினி முன்னால் தௌபீக் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் நின்ற பியூலாவிடம் “இப்ப சரி. அடுத்தது அரை செகண்ட் லேட்டு” என்று சொல்லிக்கொண்டிருந்தான். அவள் எண்களை மாற்றிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இருவரும் விலகினார்கள். ஒருவர் சீட்டை இன்னொருவர் செய்தால் கணக்கு எப்படி நிற்கும்? கோபம் வந்தது. சொல்லவில்லை.

செப்டம்பர் 13, வெள்ளி

மூன்றாம் சுற்று முடிந்தது, ஒலிச் சீட்டுகளைத் தவிர.

இன்று திரும்பிப் பார்க்கும் கூட்டம். எது சரியாகப் போனது, எது போகவில்லை என்று பெயர் போடாமல் எழுதி டப்பாவில் போட வேண்டும். ‘படங்கள் அழகு’, ‘மதிய மின்தடைக்கு ஒரு வழி பார்க்கணும்’ என்றெல்லாம் வந்தது. கடைசிச் சீட்டில் பச்சை ஸ்கெட்ச் பேனாவில் பெரிய பெரிய எழுத்து.

‘ஒரே குரலை ஒரு நாளைக்கு நூறு தடவை கேட்க வேண்டியிருக்கு. முடியல.’

அறையில் பச்சை ஸ்கெட்ச் பேனா ஒருவனிடம்தான் இருக்கிறது.

“முடியலன்னா நேரா எங்கிட்டச் சொல்லு தௌபீக். செத்துப்போன மனுசன் குரலு. அவ இங்கதான உக்காந்திருக்கா?”

அவன் பியூலாவை ஒரு தடவை பார்த்தான். பிறகு, “ஆமாண்ணே. நான்தான் எழுதுனேன். மன்னிச்சிருங்க” என்றான்.

இருபத்துநாலு வயது. பொறுமை இல்லை. இழப்பு என்றால் என்ன என்று இன்னும் தெரியவில்லை.

செப்டம்பர் 16, திங்கள்

நான்காம் சுற்றுக்கான திட்டம். தௌபீக் இனி ஒலிப் பக்கமே வர வேண்டாம், எல்லா ஒலிச் சீட்டும் பியூலாவுக்கு என்று பிரித்தேன். தௌபீக் ஏதோ சொல்ல வாயெடுத்தான். “சரிண்ணே” என்று பியூலா முந்திக்கொண்டாள்.

செப்டம்பர் 20, வெள்ளி

ஒலி: பூஜ்யம். வாஷிங் மெஷின் சரியாகிவிட்டது.

செப்டம்பர் 25, புதன்

பியூலா வரவில்லை. தலைவலி என்று செய்தி. நேற்றும் அதுதான்.

செப்டம்பர் 26, வியாழன்

இன்றும் வரவில்லை. நாளைக்குச் சுற்று முடிகிறது. தௌபீக்கை வெளிவேலையாக அனுப்பிவிட்டு, நானே அவள் கணினியில் உட்கார்ந்தேன். ஒவ்வொரு பதிவாகக் கேட்டு நேரத்தைக் குறித்துக்கொண்டே போனேன். நூறைத் தாண்டும்போது காது வலித்தது. காதுதான் வலித்தது.

207-ஆவது பதிவு. நாகர்கோவில் பஸ். அறிவிப்பு முடிந்த பிறகும் மைக் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. நாற்காலி நகரும் சத்தம். “மணி என்னல?” என்று ஜெபராஜ். அதற்கு இன்னொரு குரல்: “ரெண்டர. இன்னும் நாலே வரிதான். முடிச்சிட்டே போயிரு.”

இன்னொரு குரல் என்னுடையது.

நிறுத்தினேன். அறிவிப்புக்குப் பிறகு பன்னிரண்டு நொடி மிச்சம் இருந்தது. அதை வெட்டி, சேமித்து, கணினியை அணைத்தேன். இதற்குச் சீட்டு எழுதவில்லை. பதிவில் தேவையற்ற பகுதி. எப்படியும் வெட்ட வேண்டியதுதான்.

மணி நாலரைதான் ஆகியிருந்தது. விளக்கை அணைத்துவிட்டுக் கிளம்பினேன்.

செப்டம்பர் 27, வெள்ளி

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பியூலா எட்டரைக்கே வந்துவிட்டிருந்தாள். தௌபீக் இன்னும் வரவில்லை. நான் நுழைந்தபோது அவள் காதில் ஹெட்போன் இருந்தது.

“இருநூத்தி ஏழுல கடைசிப் பன்னெண்டு செகண்டக் காணோம்ண்ணே” என்றாள்.

“அது... தேவையில்லாத சத்தம். வெட்டிட்டேன்.”

“முழுசாக் கேட்டீங்களா?”

நான் பையை மேசையில் வைத்தேன்.

“எங்கிட்ட இன்னொரு பிரதி இருக்கு.” ஹெட்போனைக் கழற்றி என் பக்கம் நீட்டினாள். “மாட்டுங்க.”

“வேண்டாம்மா.”

“ஏழு மாசமா நான் கேக்கேன். நீங்க ஒரு தடவ கேளுங்க.”

மாட்டிக்கொண்டேன். நாற்காலி. மணி என்னல. ரெண்டர, இன்னும் நாலே வரிதான், முடிச்சிட்டே போயிரு. நேற்று நிறுத்திய இடம். அதற்குப் பின் ஜெபராஜின் சிரிப்பு. “நீ கெளம்புல, நீ தூங்கிருவ. நான் இருந்து முடிச்சிட்டு வாரேன். இன்னைக்குத்தான் இந்த ஆளு கொரலு எனக்குப் பிடிபட்டிருக்கு.” ‘இந்த ஆளு’ என்று அவன் சொன்னது அறிவிப்பாளரை. பிறகு கதவுச் சத்தம். அது நான் வெளியே போனது.

எனக்கு அது நினைவே இல்லை. நான் சொன்னது மட்டும்தான் நினைவிருந்தது. அவன் மிச்ச நான்கையும் பேசி முடித்துவிட்டுத் தனியாகக் கிளம்பியிருக்கிறான். விடியுமுன் பைபாஸில் ஒரு லாரி. அவ்வளவுதான்.

ஹெட்போனைக் கழற்றியபோது பியூலா ஜன்னலோரம் நின்றிருந்தாள்.

“மொத ரெண்டு மாசம் உங்க மேல கோவமாத்தான் இருந்தேன். அத மறைக்க மாட்டேன். நீங்க சொன்னது வரைக்கும் கேட்டுட்டு நிறுத்திருவேன். திரும்ப அதையே கேப்பேன். வேலைக்காக ஒரு நாள் முழுசா ஓட விட்டப்பதான் அவுக சிரிச்சது கேட்டுச்சு. அவுகளுக்குப் பிடிச்சதுனால இருந்திருக்காவ. நீங்க பிடிச்சு வைக்கல.”

“நான் போயிருன்னு சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருக்கலாம். சொன்னாலும் கேட்டிருக்க மாட்டாவ. ரெண்டும்தான்.”

ஜன்னலை விட்டு வந்து, “அந்தப் பச்சைச் சீட்டு நான் எழுதுனது. தௌபீக் பேனா” என்றாள்.

அப்போதும் எனக்குப் புரியவில்லை என்பதை எழுதித்தான் ஆக வேண்டும். “அப்போ அந்தக் குரல் ஆட்டத்துல இருக்கணும்னு நீ நெனைக்கலியா?” என்று கேட்டேன்.

“நானா? நீங்கதான அதத் தொடக் கூடாதுன்னு சொன்னீங்க! உங்களுக்காகத்தான் நான் வாய மூடிட்டு இருந்தேன்.”

“நான் உனக்காகச் சொன்னேன்.”

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். அவள்தான் முதலில் சிரித்தாள். சிரிப்பு சிரிப்பாக நிற்கவில்லை. பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

“அந்தக் குரல் எங்கிட்ட இருக்கட்டும்ண்ணே. எப்பவாவது வீட்ல இருந்து கேட்டுக்கிடுதேன். வேலைன்னு நூறு தடவ கேட்டா அது தேஞ்சு போவுது. இப்பல்லாம் அவுக கொரலு எனக்கு அவுக கொரலாவே கேக்கல, எண்ணாத்தான் கேக்கு. இருநூத்தி ஏழு, இருநூத்தி எட்டுன்னு.”

தௌபீக் படியேறி வந்தான். எங்களைப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றான்.

“உள்ள வால” என்றேன். “உங்கிட்ட நான் மன்னிப்புக் கேக்கணும்.”

“விடுங்கண்ணே. டீ சொல்லவா?”

செப்டம்பர் 30, திங்கள்

அட்டையில் மிச்சம் இருந்த நாற்பத்தாறு சீட்டில் பத்தொன்பது ஒலிச் சீட்டு. பத்தொன்பதையும் உரித்தெடுத்தேன். பியூலா நிரலிலிருந்து அறிவிப்பாளரை வெளியே எடுத்தாள். ஒரு முற்பகல் வேலை. இரண்டு மாதமாக நகராமல் கிடந்தது.

குரல் போனதும் ஆட்டம் வேகம் பிடித்தது. ஆனால் ஆளில்லாத பேருந்து நிலையமாக ஆகிவிட்டது. “ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக்குப் போயி சத்தத்தப் பிடிச்சிட்டு வருவோமா?” என்றான் தௌபீக். மூவரும் போனோம். ஹார்ன், பிரேக், கண்டக்டர்கள் தகரத்தைத் தட்டும் சத்தம், ‘தென்காசி தென்காசி தென்காசி’. சமோசா விற்பவர் ஒருவர் மைக்கைப் பார்த்துவிட்டு மூன்று தடவை கூவிக் காட்டினார். தூத்துக்குடி பஸ்ஸின் ஹார்ன் திருப்தி இல்லை என்று டிரைவரிடம் திரும்ப அடிக்கச் சொன்னாள் பியூலா. அவர் அடித்தார். காதில் ஹெட்போனை வைத்து, கண்ணை மூடிக் கேட்டாள்.

அக்டோபர் 4, வெள்ளி

செண்பகம் அக்கா நாற்பது நிமிடமாகப் போனைத் திருப்பித் தரவில்லை. கடையில் இரண்டு பேர் ஆதார் நகல் எடுக்கக் காத்து நின்றார்கள்.

“அக்கா, ஆளு நிக்காங்க.”

“நிக்கட்டும். செங்கோட்ட பஸ்ஸ மட்டும் உள்ள விட்டுட்டு வாரேன்.”

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கணினிகளைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். விடுமுறையானாலும் பியூலா கேக் கொண்டுவந்தாள், தௌபீக் வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. ஐந்தாம் சுற்று முடிந்தது. அட்டையில் ஒன்பது சீட்டுதான் பாக்கி.

அக்டோபர் 22, செவ்வாய்

ஐந்தே முக்காலுக்கு ஒரு பிழை. நாலாவது நடைமேடைக்குள் போகும் பஸ் மாயமாகிறது. பியூலா கண்டுபிடித்துவிட்டாள், சரிசெய்ய ஒரு மணி நேரம் வேண்டும் என்றாள். ஆறானது. நான் எழுந்து சுவிட்சுக்குப் பக்கத்தில் போய் நின்றேன்.

“அண்ணே, ஏழு வரைக்கும் இருந்தா ஒன்னும் ஆயிராது” என்றாள். “வெளிய இன்னும் வெளிச்சம் போவல. பாருங்க.”

பார்த்தேன். வானம் சிவப்பாக இருந்தது. கீழே டீ சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். ஆறு ஐம்பதுக்குச் சரியாயிற்று. தௌபீக் என்னைத் தன் வண்டியில் வீட்டில் இறக்கிவிட்டான். பைபாஸ் வழியாகத்தான். கண்ணை மூடிக்கொள்ளவில்லை. அவனும் மெதுவாகவே ஓட்டினான்.

அக்டோபர் 26, சனி. சென்னை

முதல் பரிசு எங்களுக்கு இல்லை, இரண்டாவதும் இல்லை. எங்கள் மேசை கழிவறைக்குப் போகும் வழியில் இருந்தது. அதுவே வசதியாகிவிட்டது, எல்லோரும் எங்களைத் தாண்டித்தான் போக வேண்டும். போனவர்கள் நின்றார்கள். பதினொரு மணிக்கு மூன்று பேர், மதியம் ஒரு வரிசை. குழந்தையை இடுப்பில் வைத்திருந்த ஒரு பெண் ஒற்றைக் கையால் எட்டாவது கட்டம் வரை போனாள். ‘தென்காசி தென்காசி’ என்ற கண்டக்டர் குரலுக்குக் குழந்தையும் கத்தியது.

மாலையில் கூட்டம் குறைந்தபோது பியூலா சொன்னாள்:

“சென்னையில ஒரு வேல கெடச்சிருக்குண்ணே. டிசம்பர்ல சேரணும். ஆகஸ்ட்லயே கெடச்சது. தள்ளிக் கேட்டு வச்சிருந்தேன்.”

“ஆகஸ்ட்லயேவா?”

“அவுக ஆட்டத்தப் பாதில விட்டுட்டுப் போக மனசு வரல. இப்ப முடிஞ்சிட்டுல்லா.” மேசையில் கிடந்த போனைத் துடைத்துக்கொண்டே, “அந்த ரூமுக்குள்ள தெனமும் படியேறி வாரது எனக்குக் கஷ்டம்ண்ணே” என்றாள்.

இருக்கச் சொல்ல எனக்கு நாலு காரணம் தெரியும். அத்தனையும் வாய்வரை வந்தது.

“போயிட்டு வாம்மா” என்றேன். “சந்தோஷமாப் போ.”

அவள் தலையசைத்துவிட்டு, மேசைக்கு வந்த ஒரு பள்ளி மாணவிக்கு விளையாட்டைக் காட்டித் தர எழுந்து போனாள்.

டிசம்பர் 2, திங்கள்

இருவர் மட்டும். தௌபீக் அடுத்த ஆட்டத்துக்கு ஏதோ யோசனை வைத்திருக்கிறானாம். தீப்பெட்டி அட்டைகளை வைத்து ஒன்று. கேட்க வேண்டும்.

‘நடைமேடை’ நிரலை எனக்குப் புரியும்படி ஒப்படைத்துவிட்டுப் போயிருக்கிறாள் பியூலா. காலை முழுக்க அதை வாசித்தேன். ஒவ்வொரு பகுதிக்கும் மேலே, பின்னால் வருகிறவர்களுக்காகத் தமிழில் சின்னச் சின்னக் குறிப்பு. பஸ்கள் எப்படி வருகின்றன, பயணிகளின் முகம் எப்போது சிவக்கும், எந்த எண்ணை மாற்றக் கூடாது. எல்லாம் அவளைப் போலவே சுருக்கம். அறுநூறாவது வரிக்குப் பக்கத்தில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் இது இருந்தது:

‘இங்கே முன்பு ஒரு குரல் இருந்தது. எடுத்துவிட்டோம். அதனால் எதுவும் உடையவில்லை. எல்லாக் கட்டத்தையும் விளையாடிச் சரிபார்த்துவிட்டேன்.’

அந்த வரியை மேலும் இரண்டு தடவை வாசித்தேன். தௌபீக் பின்னால் வந்து எட்டிப் பார்த்தான்.

“என்னண்ணே, பிழையா?”

“இல்லல” என்றேன். “உக்காரு. உன் தீப்பெட்டிக் கதையச் சொல்லு.”